ஜான்சன் முன் இருந்த ஐந்து வழிகள்: பிடிக்காத போருக்குள் ஒரு தலைவர் எப்படிப் போய்ச் சேர்கிறார்

1964 மே 27. அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் தன் பாதுகாப்பு ஆலோசகர் மெக்ஜார்ஜ் பண்டியோடு போனில் பேசிக்கொண்டிருக்கிறார். பேச்சு வியட்நாமைப் பற்றி. இடையில், அன்று காலை தன் துணிமணிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்த ராணுவ சார்ஜென்ட் ஒருவரின் நினைவு அவருக்கு வருகிறது. அந்த ஆளுக்கு ஆறு சின்னப் பிள்ளைகள். இவரை எதற்காக நான் அங்கே அனுப்ப வேண்டும், வியட்நாம் எனக்கு என்ன பெறும் என்று ஜான்சன் கேட்கிறார். அந்த இடம் போரிடத் தகுந்தது என்று தோன்றவில்லை, வெளியே வர முடியும் என்றும் தோன்றவில்லை என்கிறார். போருக்குள் நுழைவது சுலபம், மீண்டு வருவதுதான் மகா கஷ்டம் என்றும் சொல்கிறார். எல்லாம் ஒலிநாடாவில் பதிவாகியிருக்கிறது.

பதினான்கு மாதம் கழித்து, 1965 ஜூலை 28 அன்று, அதே மனிதர், கம்யூனிஸ்ட் வட வியட்நாமோடு மோதிக்கொண்டிருந்த தென் வியட்நாமில் இருக்கும் அமெரிக்கப் படையை 75,000-லிருந்து 1,25,000 ஆக உயர்த்துவதாக அறிவித்தார். மூன்றே ஆண்டில் அந்த எண்ணிக்கை ஐந்து லட்சத்தைத் தாண்டியது. போர் முடிந்தபோது அமெரிக்கர்களில் செத்தவர்கள் 58,000-க்கும் மேல். வியட்நாமியர்களில் பத்து லட்சத்துக்கும் மேல்.

போர் வெறி பிடித்த ஒருவர் இப்படிச் செய்திருந்தால் அதில் படிப்பதற்கு அதிகம் இல்லை. ஜான்சனுக்கு இந்தப் போர் வேண்டாம். என்ன ஆகும் என்று அவருக்கு முன்கூட்டியே தெரிந்தும் இருந்தது. இருந்தும் போனார். அதனால்தான் அந்த ஜூலை மாதத்தில் அவர் முன் என்னென்ன வழிகள் இருந்தன, ஒவ்வொன்றின் விலை என்ன என்று எடுத்து வைத்துப் பார்ப்பது முக்கியம் என்று நினைக்கிறேன்.

அறிவிப்புக்கு முந்தைய நாள், ஜூலை 27, தேசியப் பாதுகாப்பு கவுன்சில் கூட்டத்தில் ஜான்சனே ஐந்து வழிகளைச் சொன்னார். முழு விமான பலத்தையும் இறக்கி எதிரியை மண்டியிட வைப்பது ஒன்று. மூட்டை கட்டிக்கொண்டு வெளியேறுவது இரண்டாவது. இருக்கிற சுமார் 80,000 பேரோடு அப்படியே நிற்பது மூன்றாவது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்குப் போய்ப் பெரும் நிதி கேட்டு, ரிசர்வ் படையை அழைத்து, நெருக்கடி நிலை அறிவித்து, நாட்டையே போருக்குத் தயார் செய்வது நான்காவது. தளபதிகள் கேட்பதை ஆரவாரம் இல்லாமல் கொடுத்துக்கொண்டே போவது ஐந்தாவது.

ஐந்தாவதைத் தேர்ந்தெடுத்துவிட்டோம் என்றுதான் அதைச் சொன்னார். கூட்டம் முடிவெடுக்கக் கூடவில்லை, எடுத்த முடிவுக்குத் தலையாட்டக் கூடியது.

நடுவில் உட்கார வைக்கும் வித்தை

இந்த ஐந்தை எந்த வரிசையில் வைக்கிறோம் என்பதிலேயே பாதிக் காரியம் முடிந்துவிடுகிறது. ஒரு ஓரத்தில் சீனாவையும் சோவியத்தையும் உள்ளே இழுத்துவிடக்கூடிய பெரும் குண்டுவீச்சு. இன்னொரு ஓரத்தில் ஓடி வருவது. இரண்டுக்கும் இடையில் எது இருந்தாலும் அது நிதானமானதாகவே தெரியும். எவ்வளவு பெரிய படையேற்றமாக இருந்தாலும் சரி, பக்கத்தில் அதைவிடப் பெரியது ஒன்றை வைத்துவிட்டால் அது 'நடு வழி' ஆகிவிடும்.

இந்த வித்தை அந்த ஜூலையில்தான் தொடங்கியது என்று சொல்ல முடியாது. 1964 நவம்பரில் மெக்ஜார்ஜ் பண்டியின் அண்ணன் வில்லியம் பண்டி தலைமையில் ஒரு குழு மூன்று வழிகளைத் தயாரித்தது. ஏ என்பது இப்போது செய்வதையே தொடர்வது. பி என்பது வேகமாக, முழு மூச்சாக அடிப்பது. சி என்பது படிப்படியாக நெருக்குவது, கூடவே பேசுவது. சி-தான் வெல்லும் என்பதற்கு அதைப் படிக்கவே தேவையில்லை. வெளியேறுவது அந்த மூன்றில் ஒன்றாகக்கூட இல்லை.

பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் மெக்னமாரா 1965 ஜூலை 20 அன்று கொடுத்த குறிப்பிலும் மூன்று வழிகள். முதலாவது, இழப்போடு விட்டு வெளியேறுவது. அதற்குப் பக்கத்திலேயே, அமெரிக்காவுக்கு அவமானம் அநேகமாக நிச்சயம் என்று எழுதியிருந்தார். இரண்டாவது, 75,000 பேரோடு நின்று நல்ல காலத்துக்குக் காத்திருப்பது. மூன்றாவது, படையை விரைவாகப் பெருக்குவது. அவர் பரிந்துரைத்தது மூன்றாவதை. இத்தனைக்கும், அந்த வழியில் போனால் ஆண்டு இறுதிக்குள் மாதம் 500 அமெரிக்கர்கள் வரை சாகக்கூடும் என்று அதே குறிப்பில் எழுதியிருந்தார். வெளியேறுவதற்கு 'அவமானம்' என்று பெயர். சாவுக்கு வெறும் எண். ஒரு குறிப்பைப் படிக்கும்போது எந்த விலை சொல்லாக இருக்கிறது, எந்த விலை எண்ணாக இருக்கிறது என்று பாருங்கள். எழுதியவரின் மனம் எங்கே சாய்ந்திருக்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

வேலை மாறிய விதம்

1965 மார்ச் 8 காலை தென் வியட்நாமின் டா நாங் கடற்கரையில் அமெரிக்க மரைன்கள் இறங்கினார்கள். வெள்ளை உடுத்திய வியட்நாமிய இளம் பெண்கள் மாலையோடு காத்திருந்தார்கள். முழுப் போர்க்கோலத்தில் அலையில் நனைந்து வந்த சிப்பாய்களின் கழுத்தில் பூமாலை விழுந்தது. மொத்தம் 3,500 பேர். வேலை ஒன்றே ஒன்றுதான்: அங்கிருந்த விமானதளத்துக்குக் காவல். வட வியட்நாம் மேல் குண்டு போட விமானம் வேண்டும், விமானத்துக்குத் தளம் வேண்டும், தளத்துக்குக் காவல் வேண்டும். ஒவ்வொன்றும் முந்தையதிலிருந்து இயல்பாக வருவதுபோலவே இருக்கிறது, இல்லையா?

இந்தப் படை இறங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே, தென் வியட்நாமின் தலைநகர் சைகோனில் இருந்த அமெரிக்கத் தூதர் மேக்ஸ்வெல் டெய்லர் எச்சரித்துத் தந்தி அனுப்பியிருந்தார். தரைப்படையை இறக்குவதில்லை என்ற கோட்டை ஒருமுறை தாண்டிவிட்டால் அப்புறம் எங்கே நிறுத்துவது என்று சொல்ல முடியாது என்றார். அவர் சாதாரணத் தூதர் இல்லை, முப்படைத் தளபதிகள் குழுவுக்கே தலைவராக இருந்த ஜெனரல். அவர் பேச்சு எடுபடவில்லை.

ஏப்ரல் 6 அன்று ஓர் உத்தரவு. காவல் வேலை, தேடிப் போய்ச் சண்டையிடும் வேலையாக மாறியது. கூடவே, இந்த மாற்றம் கொள்கை மாற்றமாகத் தெரியக்கூடாது, படிப்படியாக நடப்பதுபோல இருக்க வேண்டும் என்றும் அந்த உத்தரவிலேயே எழுதியிருந்தது. ஜூன் மாதம் வெளியுறவுத் துறைப் பேச்சாளர் வாயிலிருந்து வந்த பிறகுதான் மக்களுக்கு அது தெரிந்தது. ஜூன் 7 அன்று வியட்நாமில் இருந்த அமெரிக்கப் படையின் தளபதி வெஸ்ட்மோர்லண்ட் 44 பட்டாலியன் வேண்டும் என்று கேட்டு அனுப்பிவிட்டார். காவல்காரர்கள் கரையிறங்கி அப்போது சரியாக மூன்று மாதம்.

இதே மாற்றம் நமக்கும் தெரிந்ததுதான். 1987 ஜூலை 29-இல் ஒப்பந்தம், மறுநாளிலிருந்து அமைதி காக்க என்று இந்தியப் படை இலங்கையில் இறங்கியது, அக்டோபர் 10-இல் போர். பத்து வாரத்தில் காவலன் போரிடுபவன் ஆனான். 1990 மார்ச் 24-இல் கடைசி வீரர் திரும்பியபோது சுமார் 1,200 இந்திய வீரர்கள் உயிரிழந்திருந்தார்கள். ஈழத்தில் செத்த சாதாரண மக்களின் கணக்கை நினைத்தாலே நெஞ்சு கனக்கிறது.

போன படைக்கு அங்கே அடி விழும். அடி விழுந்தால் படையைக் காக்க இன்னொரு படை. 1965 பிப்ரவரி 7-இல் பிளைக்கு என்ற ஊரில் இருந்த அமெரிக்க முகாம் தாக்கப்பட்டது, அதைக் காரணம் காட்டிக் குண்டுவீச்சு தொடங்கியது. பிளைக்கு மாதிரிச் சம்பவங்கள் டிராம் வண்டி மாதிரி, காத்திருந்தால் ஒன்று வரும் என்று மெக்ஜார்ஜ் பண்டியே பின்னால் சொன்னார். முடிவு முதலில், காரணம் அப்புறம்.

வெளியேறுவது: அதன் உண்மையான விலை

வெளியுறவுத் துறையில் இரண்டாம் இடத்தில் இருந்த ஜார்ஜ் பால், 1964 அக்டோபரிலிருந்தே எதிர்த்து எழுதிக்கொண்டிருந்தார். புலியின் முதுகில் ஏறிவிட்டால் இறங்கும் இடத்தை நாம் தேர்ந்தெடுக்க முடியாது என்றார். நாம் புலிவாலைப் பிடித்த கதை என்போமே, அதேதான். 1965 ஜூலை 1-இல் அவர் கொடுத்த குறிப்பு இன்னும் கூர்மையானது. பெரிய அளவில் உயிர்ச்சேதம் ஏற்பட்டுவிட்டால், பின்வாங்க முடியாத ஒன்றைத் தொடங்கியவர்கள் ஆவோம். அதன் பிறகு முழு வெற்றி இல்லாமல் நிறுத்தினால் தேசிய அவமானம். வெற்றி, அவமானம் இரண்டில், பயங்கரமான விலை கொடுத்த பின்னும் அவமானம் கிடைக்கவே வாய்ப்பு அதிகம். பத்து ஆண்டு கழித்து நடந்ததை அப்படியே எழுதியிருந்தார்.

பால் சொன்ன வழி, இன்றே ஓடி வா என்பது அல்ல. படையை 72,000-உடன் நிறுத்து, சண்டையைக் குறை, பேசி வெளியேறு. அதாவது மூன்றாவது வழியைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதுக்குப் போவது. அதே நாள் வில்லியம் பண்டியும் 85,000-இல் நிறுத்தலாம் என்று எழுதினார், ஆனால் அது காத்திருந்து பார்க்க. ஒரே மாதிரித் தெரிகிற இந்த இரண்டும் வேறு வேறு. வெளியே வருவதற்காக நிற்பவனுக்கு வாசல் எங்கே என்று தெரியும். காத்திருந்து பார்ப்பவனை அடுத்த டிராம் வண்டி ஏற்றிக்கொண்டு போய்விடும். அதனால் 'அப்படியே நிற்போம்' என்பதைத் தனி வழியாக நான் எண்ணவில்லை. 1965-இல் சைகோன் அரசு இருந்த நிலையில், நிற்பது என்பது சில மாதத்துக்கு மட்டுமே கிடைக்கும் இடம்.

வெளியேறினால் விலை இருந்தது. சைகோன் விழுந்திருக்கும். அமெரிக்காவை நம்பிய தென் வியட்நாமியர்கள் சிறைக்கும் கடலுக்கும் போயிருப்பார்கள். இதை மறைத்துவிட்டு வெளியேறுவதை ஆதரிப்பது நேர்மை ஆகாது. ஆனால் பெரிதாகப் பயமுறுத்தப்பட்ட விலை வேறு: ஒரு நாடு விழுந்தால் ஆசியாவே சீட்டுக்கட்டாகச் சரியும் என்பது. 1964 ஜூனிலேயே சிஐஏவின் மதிப்பீட்டுக் குழு இதற்குப் பதில் எழுதியிருந்தது. லாவோஸும் தென் வியட்நாமும் போனாலும், கம்போடியாவைத் தவிர வேறு எந்த நாடும் அதனால் சட்டென்று விழாது என்று. அந்தக் காகிதம் அரசாங்கத்துக்குள்ளேயே இருந்தது.

அப்படியானால் எதற்காகப் போர்? பாதுகாப்புத் துறையில் மெக்னமாராவுக்கு நெருக்கமான ஜான் மெக்நாட்டன் 1965 மார்ச்சில் அதற்கு விழுக்காடு போட்டு எழுதினார். அவமானகரமான தோல்வியைத் தவிர்க்க 70. தென் வியட்நாம் சீனாவின் கைக்குப் போகாமல் தடுக்க 20. அங்கிருக்கும் மக்கள் நல்ல, சுதந்திரமான வாழ்வு வாழ 10. முதன்முறை இதைப் படித்தபோது அந்தப் பத்தில் என் கண் நின்றுவிட்டது. அந்தப் பத்துக்காகத்தான் போகிறோம் என்று சிப்பாய்களிடம் சொல்லியிருந்தார்கள்.

அரசியல் விலையையும் பார்ப்போம். 1949-இல் சீனா கம்யூனிஸ்டுகள் கைக்குப் போனபோது அப்போதைய அதிபர் ட்ரூமன் பட்ட பாடு ஜான்சனுக்கு மறக்கவில்லை. வியட்நாமை இழந்தால் எதிர்க்கட்சி தன்னைக் கிழித்துவிடும், முதியோர் மருத்துவக் காப்பீடு, கறுப்பின மக்களின் வாக்குரிமைச் சட்டம் என்று தான் கொண்டுவந்தவை எல்லாம் நின்றுவிடும் என்று பயந்தார். மருத்துவக் காப்பீட்டில் அவர் கையெழுத்திட்டது ஜூலை 30, வாக்குரிமைச் சட்டத்தில் ஆகஸ்ட் 6. படையேற்ற அறிவிப்புக்கு ஒட்டிய நாட்கள்தான். இந்தப் பயத்தைச் சின்னதாக நான் நினைக்கவில்லை, அவை உண்மையிலேயே பெரிய சட்டங்கள். ஆனால் துணை அதிபர் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி பிப்ரவரியிலேயே இதற்கு நேரடியாகப் பதில் எழுதினார். 1964 தேர்தலில் 44 மாநிலங்களில் ஜெயித்து, 61 விழுக்காடு வாக்கு வாங்கி வந்த அரசு அது. அரசியல் ஆபத்து மிகக் குறைவாக இருக்கும் ஆண்டு இதுதான் என்றார். அவருக்குக் கிடைத்த பதில், வியட்நாம் பற்றிய கூட்டங்களுக்குச் சுமார் ஓராண்டு அழைப்பே இல்லை.

இப்படித்தான் அறை சுருங்குகிறது. எதிர்த்தவரை வெளியே அனுப்புவது ஒரு வழி. ஜார்ஜ் பாலை உள்ளேயே வைத்துக்கொண்டு, 'எதிர்த்துப் பேசவும் ஆள் இருக்கிறார்' என்று எல்லோரும் திருப்தி அடைவது இன்னொரு வழி. இரண்டாவதுதான் அதிக ஆபத்து என்று எனக்குத் தோன்றுகிறது. மாற்றுக் கருத்தைக் கேட்டோம் என்ற நிம்மதியே, அதை எடுத்துக்கொள்ளாமல் போவதற்கு அனுமதி ஆகிவிடுகிறது.

சொல்லிவிட்டுப் போவதா, சொல்லாமல் போவதா

முதல் வழியை, பெரும் குண்டுவீச்சை, ஜான்சன் ஒதுக்கியது சரி. 1950-இல் கொரியாவில் சீனா வராது என்று நம்பிப் போய்ப் பட்டது போதும்.

நான்காவது வழி கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியது. காங்கிரஸிடம் போய், இது போர், இவ்வளவு பணம் ஆகும், உங்கள் ஊர்களிலிருந்து ரிசர்வ் படையினர் போக வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்பது. மெக்னமாராவும் ரிசர்வ் படையை அழைக்கச் சொல்லித்தான் பரிந்துரைத்தார். படையேற்றத்தை எதிர்க்கும் நானே, ஐந்தாவதைவிட நான்காவது மேல் என்று சொல்வேன். கேட்டிருந்தால் விவாதம் நடந்திருக்கும். வேண்டாம் என்ற பதில் வந்திருக்கலாம், அந்தப் பதில் ஒரு தலைவருக்கு வெளியேற வழியும் ஆகியிருக்கும். 1965 ஆகஸ்டில் கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் கேட்டபோது, படை அனுப்பியது தவறு என்றவர்கள் 24 விழுக்காடுதான். 1968 ஆகஸ்டில் 53. போர் முதலிலேயே வெறுக்கப்படவில்லை, சொல்லாமல் வளர்த்ததால் வெறுப்பு சேர்ந்துகொண்டே போனது. ஜூலை 28 அறிவிப்பை இரவில் நாடு முழுக்கப் பார்க்கும் உரையாகச் செய்யாமல் நண்பகல் செய்தியாளர் சந்திப்பில் சொன்னார். அதே சந்திப்பில் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு நியமனத்தையும் அறிவித்தார்.

வெளியே வந்தவர்கள்

வெளியேற முடியாது என்று நினைத்தவர்கள் பக்கத்தில், வெளியேறியவர்களையும் வைத்துப் பார்க்க வேண்டும். பிரான்ஸில் சார்ல் டி கோல் 1958-இல் ஆட்சிக்கு வந்ததே அல்ஜீரியாவை விடமாட்டார் என்று ராணுவமும் அங்கிருந்த பிரெஞ்சுக் குடியேறிகளும் நம்பியதால். 1959 செப்டம்பரில் அல்ஜீரியர்களே தங்கள் எதிர்காலத்தை முடிவு செய்யட்டும் என்றார். 1961 ஜனவரியில் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி அதற்கு ஒப்புதல் வாங்கினார். ஏப்ரலில் நான்கு ஜெனரல்கள் கலகம் செய்தார்கள். பழைய ராணுவச் சீருடையை மாட்டிக்கொண்டு தொலைக்காட்சியில் வந்து, அவர்களுக்குக் கீழ்ப்படியாதீர்கள் என்று சிப்பாய்களிடம் நேராகச் சொன்னார். கட்டாய சேவையில் இருந்த இளைஞர்கள் டிரான்சிஸ்டர் ரேடியோவில் கேட்டார்கள், கலகம் நான்கைந்து நாளில் அடங்கியது. 1962 மார்ச் 18-இல் அல்ஜீரியப் போரை முடிக்கும் எவியான் உடன்பாடு. விலை கடுமையானது: லட்சக்கணக்கான குடியேறிகள் ஊரை விட்டு ஓடினார்கள், பிரான்ஸ் பக்கம் நின்ற அல்ஜீரியர்களில் ஏராளமானோர் கொல்லப்பட்டார்கள், டி கோல் மேலேயே துப்பாக்கிச் சூடு நடந்தது. ஆனால் போர் நின்றது, பிரான்ஸின் மதிப்பும் உலகில் குறைந்துவிடவில்லை.

சோவியத் தலைவர் கோர்பச்சேவ் கதை இவ்வளவு சுத்தமில்லை. 1985 மார்ச்சில் பதவிக்கு வந்தவர் ராணுவத்துக்கு இன்னொரு வாய்ப்பு கொடுத்தார், ஆப்கானிஸ்தானில் ரத்தம் மிகுந்த மாதங்கள் அவை. 1986 நவம்பரில் ஓரிரு ஆண்டில் வெளியேற வேண்டும் என்று முடிவானது. கடைசிப் படை எல்லையில் உள்ள ஆமு தாரியா பாலத்தைக் கடந்தது 1989 பிப்ரவரி 15-இல். முடிவெடுத்ததற்கும் பாலத்துக்கும் நடுவில் இரண்டேகால் ஆண்டு. ஜான்சனுக்குப் பின் வந்த நிக்சன் அதைவிட நீட்டினார். 1969-இல் வந்து, 1973 ஜனவரியில்தான் வியட்நாம் உடன்பாட்டில் கையெழுத்து. அமெரிக்க இறப்புகளில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் அவர் காலத்தில். விட்டதைப் பிடிக்க இன்னும் ஒரு ஆட்டம் என்று உட்காருகிற ஒவ்வொரு மாதத்துக்கும் இப்படி ஒரு எண் உண்டு.

2009-இல் ஆப்கானிஸ்தான் விஷயத்தில் ஒபாமா முன்னும் இதே மேசை போடப்பட்டது. தளபதி மெக்கிரிஸ்டல் கேட்டது 40,000 பேர். அதற்கு மேலே ஒரு பெரிய எண், கீழே ஒரு சிறிய எண். காபூலில் தூதராக இருந்தவர் கார்ல் ஐகன்பெரி, இவரும் ஓய்வுபெற்ற ஜெனரல், டெய்லரைப் போலவே படையேற்றம் வேண்டாம் என்று எழுதினார். ஒபாமா 30,000 அனுப்பினார், 2011 ஜூலையில் திரும்பத் தொடங்குவார்கள் என்று தேதியும் போட்டார். அந்தத் தேதி ஜான்சன் செய்யாத நல்ல காரியம். ஆனாலும் அமெரிக்கப் படை முழுதாக வெளியே வர 2021 ஆகஸ்ட் ஆனது.

சரி, 1965 ஜூலையில் எது? பால் சொன்னதுதான்: 72,000-இல் நிறுத்தி, பேசி, வெளியேறுவது. அதற்கு ஜான்சனுக்குத் துணிவு இல்லை என்றால் நான்காவது. ஐந்தாவது எந்த நிலையிலும் கூடாது. அதற்கு எல்லையே இல்லை. அடுத்து எவ்வளவு கேட்பீர்கள் என்ற கேள்விக்குப் பதில் சொல்லவேண்டிய கட்டாயம் அதில் யாருக்கும் கிடையாது.

அந்தக் கேள்வியை ஜான்சன் கேட்காமலும் இல்லை. ஜூலை 22 அன்று ராணுவத் தலைவர்களை அழைத்து உட்கார வைத்துக் கேட்டார். நாம் ஒரு லட்சம் பேரை அனுப்பினால் அவர்களும் அனுப்ப மாட்டார்களா? சீனா வருமா? வராது என்று நினைக்கிறேன் என்று தரைப்படைத் தளபதி சொன்னபோது, கொரியாவில் படை நடத்திய மெக்ஆர்தரும் அப்படித்தான் நினைத்தார் என்று திருப்பிச் சொன்னார். மரைன் படைத் தளபதி வாலஸ் கிரீன் எதையும் மறைக்கவில்லை. ஐந்து ஆண்டும் ஐந்து லட்சம் பேரும் ஆகும் என்று எண்ணாகவே சொன்னார்.

ஆறு நாள் கழித்து, நண்பகலில், ஜான்சன் நாட்டுக்குச் சொன்ன எண் 1,25,000.